பட்டியலில் ஏழாவது புத்தகம்

பேராசிரியை டாக்டர் ஹட்சன் என் தாள்களைப் படித்துக்கொண்டே வந்தவர், மூன்றாம் பக்கத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஏழாம் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார்.

அவர் அறை ஜன்னலோரத்தில் கருங்கல் துண்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் எந்த ஊர், எத்தனை அடி ஆழம் என்று எழுதிய சின்னச் சீட்டு. வெளியே ஹூஸ்டன் வெயில் கார்களின் கூரையில் பளபளத்தது. உள்ளே ஏ.சி. குளிர்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் முகத்தில் இருந்தது ஆசை.

"பாறையில் துளை போடும்போது வெளியே வரும் தூளின் நிறத்தை வைத்தே, தண்ணீர் கிட்டத்தில் இருக்கிறதா என்று இவர் சொல்வதாக எழுதியிருக்கிறாய். இதை யாராவது முறையாக எழுதி வைத்திருக்கிறார்களா என்று நான் எத்தனையோ வருடமாகத் தேடுகிறேன். அடுத்த வியாழக்கிழமை வரும்போது புத்தகத்தைக் கொண்டுவா. இரண்டே நாளில் திருப்பித் தந்துவிடுவேன்."

"ஷ்யூர்" என்றேன்.

அந்தப் புத்தகத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

படிக்காமல் எழுதியது

போன வாரம், ஹூஸ்டனை அடுத்த கேட்டி என்ற ஊரில் நான் அறை தேடி அலைந்த கதையை இந்தத் தொடரில் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "படிக்கப் போன பையன் படிப்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே." நியாயமான கேள்வி. இதுவரை எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

நிலத்தடி நீர் பற்றி மேற்படிப்பு படிக்க வந்திருந்தேன். முதல் பருவத்தில் ஆராய்ச்சி முறைகள் என்று ஒரு பாடம். அதில் முதல் வேலை, விளக்கக் குறிப்புகளோடு ஒரு நூற்பட்டியல் தயாரிப்பது. பதினைந்து நூல்கள் அல்லது கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பத்தி: இது என்ன சொல்கிறது, எந்த அளவுக்கு நம்பலாம், என் ஆராய்ச்சிக்கு எப்படி உதவும். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

பதினைந்தில் ஒன்பதைப் பல்கலைக்கழக நூலகத்தில் தேடி எடுத்தேன், பெரும்பாலும் சிறு கட்டுரைகள். அவற்றிலும் முன்னுரையைத் தாண்டியவை குறைவு. மீதி ஆறும் ஊரிலிருந்து என்னோடு வந்தவை. புத்தகங்களாக அல்ல, பெயர்களாக.

ஏழாவது அந்த ஆறில் ஒன்று. 'கடும்பாறை நிலத்தடி நீர்: ஒரு களக் கையேடு.' ஆசிரியர் கே. ரங்கசாமி. அதன் கீழே நான் எழுதிய பத்தியை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. 'நீண்ட கள அனுபவத்தின் அடிப்படையில் எழுதப்பட்ட இந்த நூல்' என்று ஆரம்பித்து, சீனியர் ரிப்போர்ட்டில் அந்தப் பெயரோடு இருந்த தூள் நிறம் பற்றிய ஒற்றை வரியை இழுத்து முழுதாக எட்டு வரி.

பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இல்லாத ஆதாரத்தைக் காட்டினால் அந்தப் பாடத்தில் தோல்வி, துறைக்குப் புகார். தோற்றால் துறையில் இடம் இல்லை. இடம் இல்லையென்றால் விசாவும் இல்லை. செங்கல் சூளையில் வேலை செய்யும் என் அப்பா, கல்விக் கடன் தாளில் கட்டைவிரலை அழுத்திவிட்டு, மையை வேட்டியில் துடைத்தபடி, "பத்தரமாப் படி சாமி" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

புத்தகம் எங்காவது இருந்துவிட்டால் போதும். அன்று மாலையே அதை வாங்கி, படித்து, கொடுத்துவிடலாம். அப்படித்தான் நினைத்தேன்.

பக்கெட்டும் பட்டியலும்

எங்கள் ஊர்ப் பக்கம் பொறியியல் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

விடுதியை விட்டுப் போகும் சீனியர், ஜூனியருக்குச் சில சாமான்களை விட்டுப் போவார். பிளாஸ்டிக் பக்கெட், கைப்பிடி தளர்ந்த இஸ்திரிப் பெட்டி, கொடிக்கயிறு. அதோடு ஒரு பென் டிரைவ். அதில் கடைசி வருட ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும். நாங்கள் ஆராய்ச்சியைப் புதிதாகச் செய்வோம், அதில் பொய் இல்லை. கிணறு கிணறாகப் போய் நீர்மட்டம் அளந்தோம். நாய் துரத்தியது. ஆனால் கடைசிப் பக்கத்து நூற்பட்டியலை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். அது பக்கெட் மாதிரி. கை மாறும், ஆள் மாறும், பக்கெட் அதே பக்கெட்.

கல்லூரி வாசலில் குமார் அண்ணனின் ஜெராக்ஸ் கடை. அங்கேதான் எல்லா வருட ரிப்போர்ட்டும் அச்சாகி, கருநீல அட்டையில் தங்க எழுத்துப் போட்டு பைண்டிங் ஆகும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அட்டையைத் தடவிப் பார்ப்பார். கனம் பார்ப்பார். முந்திரி பிஸ்கட்டை எடுத்துக்கொள்வார். நூற்பட்டியல் பக்கத்தைத் திருப்பி, "பன்னெண்டு ரெஃபரன்ஸா, குட்" என்பார். அவ்வளவுதான்.

பட்டியல் என்பது எண்ணிக்கை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உண்மையிலேயே புத்தகத்தைத் தேடிப் போவார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மேகா வைத்த பரீட்சை

நான் வாடகைக்கு இருந்தது சுதா ஆன்ட்டி வீட்டு மாடி அறையில். அவர்கள் மகள் மேகா ஒன்பதாம் வகுப்பு. கேட்டியிலேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் என் தாள்களைப் பரப்பி வைத்திருந்தேன். எதிரே மேகா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்து என் தாளைப் பார்த்தாள்.

"அண்ணா, ஏன் நம்பர் போட்டிருக்கீங்க?" என்று அதிசயமாகத் தமிழில் ஆரம்பித்தவள், ஒரே வரியில் ஆங்கிலத்துக்குத் தாவினாள். இந்த முறையில் எண் போடக் கூடாதாம். குடும்பப் பெயரின் அகர வரிசையில் வர வேண்டுமாம். ஆறாம் வகுப்பிலிருந்தே அவர்களுக்கு இதுதான் பாடமாம்.

"ஆறாங் கிளாஸ்லயா?"

"யா. வீ டிட் இட் ஃபார் பெங்குயின்ஸ்."

அவள் ஆறாம் வகுப்பில் பெங்குயினுக்குச் செய்ததை நான் இருபத்து மூன்று வயதில் கருங்கல்லுக்குச் செய்யத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் என் பத்திகளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவதிலேயே சிரிப்பு வந்துவிட்டது. நான் எல்லா ஆசிரியரையும் புகழ்ந்திருந்தேன். 'மிகச் சிறந்த நூல்', 'ஈடு இணையற்ற உழைப்பு', 'துறைக்குக் கிடைத்த பெரும் பேறு.'

"அண்ணா, திஸ் இஸ் அ வெட்டிங் ஸ்பீச்."

அடுப்பங்கரையிலிருந்து சுதா ஆன்ட்டி குரல் கொடுத்தார். "ஏய், அண்ணாவ கிண்டல் பண்ணாத. மணி, ஒனக்கு தோசை ஒண்ணா ரெண்டா?"

கிண்டல் இல்லை, உண்மைதான். கல்லூரி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்கு வாழ்த்துரை எழுதிக் கொடுப்பவன் நான். அதே கையால் இதையும் எழுதியிருக்கிறேன். புத்தகம் எழுதியவர் பெரியவர். பெரியவரிடம் குறை காணலாமா என்று கை தயங்கும். 'இவர் ஒரே ஊரில் மட்டும்தான் அளந்திருக்கிறார், மற்ற ஊருக்கு இது பொருந்துமா தெரியவில்லை' என்று எழுத எனக்கு அதற்குப் பிறகு இரண்டு நாள் பிடித்தது. எழுதியதும் யாரோ முதுகில் தட்டப் போகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

மேகா ஏழாவதுக்கு வந்தாள். படித்தாள். புருவத்தைத் தூக்கினாள்.

"டிட் யூ ஈவன் ரீட் திஸ்?"

அங்கே டாக்டர் ஹட்சனிடம் சொல்லியிருக்க வேண்டியதை இவளிடம் சொன்னேன். "இல்லம்மா. இப்ப ப்ரொஃபசர் அந்தப் புக்கையே கேக்கறாங்க."

அவள் சிரிக்கவில்லை. பட்டியல் எதற்கு என்று அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். யார் சொன்னது, எப்போது சொன்னது, எங்கே போனால் கிடைக்கும். படிக்கிறவர் எழுந்து போய்ப் பார்க்க முடிய வேண்டும். "ஸோ ஐ கேன் கோ செக்" என்றாள். வீட்டு முகவரி மாதிரி. கதவு எண்ணைத் தப்பாகக் கொடுத்தால் விருந்தாளி தெருவில் நிற்பார்.

"அப்ப அந்த ஒண்ண எடுத்துட்டு வேற புக் போட்டுடேன் மணி" என்றார் ஆன்ட்டி, தோசையை என் தட்டில் போட்டபடி. "ஸாரி மேம், தப்பா வந்துடுச்சுன்னு சொல்லிடு. இதுக்குப் போயி மூஞ்சிய இப்டி வெச்சிண்டு."

"பட் ஷீ வான்ட்ஸ் தட் புக், அம்மா" என்றாள் மேகா.

ஆமாம். அவர் கேட்டது அந்தப் புத்தகத்தைத்தான்.

குமார் அண்ணனின் கணினி

மறுநாள் பல்கலைக்கழக நூலகத்தில் வேண்டுகோள் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. 'அன்புள்ள திரு. செல்லமுத்து' என்று ஆரம்பம். செல்லமுத்து என் அப்பா. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதியதிலிருந்து அமெரிக்காவில் என்னை எல்லோரும் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மணிகண்டன் என்ற பெயர் சுதா ஆன்ட்டி வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும்.

மின்னஞ்சலின் சாரம் இது: எங்களுக்கு எட்டிய எந்த நூலகப் பதிவிலும் இப்படி ஒரு நூல் இல்லை. உங்களுக்கு இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது?

எங்கிருந்து கிடைத்தது? அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் கிளம்பினேன்.

என் சீனியர் கௌதம் அண்ணனைக் கேட்டேன். "எனக்கு எஞ் சீனியர் குடுத்ததுடா" என்றார். அவருடைய சீனியரும் அதையே சொன்னார். மூன்றாவது ஆள் போனையே எடுக்கவில்லை. காலையில், காரை விட்டுவிட்டு பஸ் ஏறும் 'பார்க் அண்ட் ரைடு' நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது சட்டென்று தோன்றியது. எங்களுக்கு ஏழு மணி என்றால் அங்கே சாயங்காலம். ஜெராக்ஸ் கடை திறந்திருக்கும்.

"ஏந் தம்பி, அமெரிக்கா போயுமா ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டு?" என்றார் குமார் அண்ணன். "பைண்டிங் பண்ணிக் கொரியர்ல அனுப்பட்டுமா?"

"இல்லீங்ண்ணா. பழைய ரிப்போர்ட் ஃபைலெல்லாம் வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணையும் அழிக்கறதில்ல தம்பி. பேட்ச் பேட்ச்சா ஃபோல்டர் இருக்குது. என்னத்தத் தேடோணும்?"

"கே. ரங்கசாமின்னு ஒரு பேரு. கடைசிப் பக்கத்துல. எந்த பேட்ச்ல மொதல்ல வந்துச்சுன்னு தெரியோணுங்."

அவர் ஒரு பக்கம் பிரின்ட் போட்டுக்கொண்டே ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தார். போன் வழியே இயந்திரம் தாள் துப்பும் சத்தம் கேட்டது. "இதுல இருக்குது... இதுலயும் இருக்குது... அடேங்கப்பா, எல்லாப் பயலும் இவரத்தான் படிச்சிருக்கான். யாரு தம்பி இவரு, பெரிய வாத்தியாரா?"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஃப்ரீவேயில் பாதி தூரம் போயிருப்போம்.

"தம்பி, புடிச்சிட்டேன். இந்த பேட்ச்ல இருக்குது. இதுக்கு முந்துன பேட்ச்ல பதினொரு புக்குதான் இருக்குது, அதுல இந்தப் பேரு இல்ல. மொதல்ல போட்டவன் ஆர். சேகரு. சிவில்தான். எனக்கு ஞாபகமிருக்குது, ஒல்லியா இருப்பான். இப்ப அவனும் உங்கூருலதான் எங்கியோ இருக்கான்."

'உங்கூரு' என்றால் அமெரிக்கா. கல்லூரி வாட்ஸப் குழுவில் தேடினேன். கலிபோர்னியா, சான் ரமோன்.

மதிய உணவு நேரம்

சேகர் அண்ணன் ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். மதிய உணவு நேரத்தில் பேசுவதாகச் செய்தி அனுப்பினார். நூலகத்தின் பின்புறப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

"சொல்லு தம்பி. வேலைக்கு ரெஃபரல் வேணுமா?"

"இல்லீங்ண்ணா. உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒரு புக்கு. கே. ரங்கசாமி..."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அது இன்னுமா சுத்திட்டிருக்குது?"

"எங்க பேட்ச் வரைக்கும் வந்துருச்சுங்ண்ணா. நானும் போட்டுட்டேன். ப்ரொஃபசர் அந்தப் புக்கு வேணும்னு கேக்கறாங்க."

"அப்டி ஒரு புக்கே இல்ல தம்பி. நாந்தான் அத எழுதிவுட்டேன்." குரல் தாழ்ந்தது. "அந்தம்மாகிட்ட, புக்கு இந்தியாவுல எங்க வீட்ல இருக்குதுன்னு சொல்லீரு. ரெண்டு மாசத்துல அவங்களே மறந்துருவாங்க."

"மறக்க மாட்டாங்ண்ணா. அவங்களுக்கு அது நெசமாவே வேணும். நான் உண்மையச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

"சொல்லிக்க. என்ன இழுக்காத. எனக்கு க்ரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்குது. எப்பவோ செஞ்சத இப்பத் தோண்டி எடுத்து..." மூச்சு விட்டார். "எம் பேரு எங்கியும் வரக் கூடாது. புரியுதா?"

"உங்க சம்மதமில்லாம வராதுங்ண்ணா."

வைத்துவிட்டார்.

அவர் பயம் எனக்குப் புரிந்தது. என் பயமும் அதே ஜாதிதான். ஆனால் இன்னொரு பொய்யைச் சொல்லி அந்த அறையில், அந்தக் கற்களுக்கு முன்னால் என்னால் உட்கார முடியாது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

எழுந்து உள்ளே போனேன். பழைய பட்டியலைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வெற்றுத் தாளிலிருந்து ஆரம்பித்தேன்.

அந்த மூன்று நாளும் பஸ்ஸில் படித்தேன், வரிசையில் நின்று படித்தேன், துணி துவைக்கும் இயந்திரம் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்காத எதையும் எழுதுவதில்லை என்று முடிவு. ஒவ்வொன்றையும் மேகாவிடம் காட்டினேன். புகழ்ச்சி ஒரு சொல் வந்தாலும் அவள் மேஜையைத் தட்டித் தாளம் போட்டுக் கல்யாண மேளம் வாசிப்பாள். ஊரிலிருந்து வந்த மற்ற ஐந்தில் மூன்று நூலகத்தில் கிடைத்தன. அவற்றில் ஒன்று நிலத்தடி நீர் பற்றியதே அல்ல, அணைக்கட்டு பற்றியது. எத்தனை பேட்ச் அதைச் சுமந்திருக்கிறது!

பதினைந்து கேட்டார்கள். என்னால் பதினொன்றுதான் முடிந்தது. பதினொன்றோடு போவது என்று தீர்மானித்தேன்.

கடைசியில் தனியாக ஒரு பக்கம் எழுதினேன். 'முதல் பட்டியலில் ஏழாவதாக இருந்த நூலைப் பற்றி' என்று தலைப்பு. அது இல்லாத நூல். அதை நான் படித்ததாக எழுதியது பொய். அது என் கைக்கு எப்படி வந்தது, குமார் அண்ணன் கணினியில் எங்கே முதலில் தென்பட்டது, எல்லாம் எழுதினேன். முதலில் போட்டவர் பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் 'ஒரு முன்னாள் மாணவர்' என்று விட்டேன்.

மேகா அந்த இடத்தில் பென்சிலை வைத்தாள். "ஹூ?"

"பேரு சொல்ல வேண்டாம்னாரு."

"தென் ஐ கான்ட் செக்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இட்ஸ் ஓகே, அண்ணா" என்றாள். போனில் பேசியதைப் பட்டியலில் போடக் கூடாது, எழுத்தின் நடுவே அடைப்புக்குறிக்குள் பெயரையும் பேசிய நாளையும் போட வேண்டும், பெயர் கிடைத்தால் அப்படி எழுதுங்கள் என்று ஓரத்தில் ஒரு மாதிரியும் எழுதிக் கொடுத்தாள். முன்னால் முதலெழுத்து, பின்னால் குடும்பப் பெயர்.

பஸ்ஸில் வந்த அழைப்பு

வியாழக்கிழமை காலை. பஸ் ஃப்ரீவேயில் ஏறியபோது போன் அடித்தது. கலிபோர்னியாவில் அப்போது ஆறுகூட ஆகியிருக்காது.

"தம்பி, சேகர் பேசறேன். குடுத்துட்டியா?"

"இன்னிக்குத்தானுங்ண்ணா."

"ஒண்ணு கேக்கறேன். இத்தன பேட்ச் பசங்க அதப் போட்டிருக்கானுகளே, ஒருத்தனும் அந்தப் புக்கத் தேடலியா?"

"இல்லீங்ண்ணா."

"ம். ரங்கசாமி எங்கப்பா. போர்வெல் போடற ரிக் வண்டியில ட்ரில்லரு. திருச்செங்கோட்டு வண்டிக்குப் போயி, ஆந்திரா, ஒடிசான்னு பூராப் பக்கமும் போர் போட்டவரு. குழியிலிருந்து வர்ற தூளக் கையில எடுத்துத் தேச்சுப் பாப்பாரு. சாம்பக் கலரு மாறி, பழுப்பாகி, கையில ஒட்டுச்சுன்னா, 'இன்னும் கொஞ்சம் போ'ம்பாரு. எழுதப் படிக்கத் தெரியாது."

பஸ்ஸில் எல்லோரும் தத்தம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அத ரிப்போர்ட்ல எழுதினேன். ரிவ்யூல கைடு கேட்டாரு, 'இது எந்த புக்குல இருக்குது?' 'எங்கப்பா சொன்னாருங்க சார்'னேன். கிளாஸே சிரிச்சுது. 'உங்கப்பன் பேரெல்லாம் போடறதுக்கு இதென்ன ரேஷன் கார்டாடா?'ன்னாரு. அடுத்த ரிவ்யூவுக்கு அதே வரி, பக்கத்துல ஒரு புக்குப் பேரு. படிச்சுப்போட்டு, 'இதாண்டா ரெஃபரன்ஸு'ன்னாரு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அன்னிக்கு ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன் தம்பி. ஆனா எங்கப்பா பொய் பேசாத ஆளு. தண்ணி இல்லாத எடத்துல, 'இல்லீங், நிறுத்திக்கங்க'ன்னு சொல்லி, ரிக் ஓனருகிட்ட வசவு வாங்குவாரு. அவரு போய்ச் சேந்துட்டாரு. அவரப் போயி இல்லாத புக்குக்கு ஆளாக்கி வெச்சிருக்கேன். நீ போன் பண்ணதுல இருந்து அதேதான் ஓடுது. அவரு பேர எடுத்துரு. எம் பேரப் போடு. அவரு சொன்னாருன்னு நான் சொன்னேன்னு போடு. தப்புப் பண்ணது நானு."

"க்ரீன் கார்டுங்ண்ணா..."

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லன்னு எனக்கும் தெரியும். பயந்துட்டேன். போடு."

பதினொன்று

நூலகத்தில் இறங்கி அந்த ஒரு பக்கத்தை மாற்றி அச்செடுத்தேன். இன்னும் சூடாக இருந்த தாளோடு டாக்டர் ஹட்சனின் அறைக்குப் போனேன்.

"புத்தகம் எங்கே?" என்றார் சிரித்தபடி.

"அப்படி ஒரு புத்தகம் இல்லை. நான் படித்ததாக எழுதியது பொய். கடைசிப் பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறேன்."

சிரிப்பு போய்விட்டது. அவர் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தார். பிறகு இன்னொரு முறை. அதன் பிறகு முன்னாலிருந்து பதினொன்றையும் படித்தார். நான் கருங்கல் சீட்டுகளில் இருந்த எழுத்தை எண்ணிக்கொண்டு நின்றேன்.

"இதை நான் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்" என்றார். "உன் கோப்பில் ஒரு கடிதம் இருக்கும். இன்னொரு முறை நடந்தால் அந்தக் கடிதம் பேசும். நீயாகவே வந்து சொன்னதால் பாடத்தில் தோல்வி போடவில்லை; முதலில் கொடுத்ததற்குப் பூஜ்யம். இதைத் தனியாகத் திருத்துகிறேன், நான்கு குறைவு என்பதற்கும் மதிப்பெண் போகும். என் களப்பணிக் குழுவுக்கு இந்த வருடம் உன்னை எடுக்க முடியாது."

"சரி" என்றேன். பாடத்தில் இருக்கிறேன். துறையில் இருக்கிறேன்.

கதவருகே போனபோது கூப்பிட்டார்.

"தூளின் நிறம் பற்றி அந்த மனிதர் சொன்னது. அது உண்மையா?"

என் பழைய கை 'ஆமாம், நிச்சயமாக' என்று எழுதியிருக்கும்.

"தெரியாது. அவர் மகன் சொல்லக் கேட்டேன், அவ்வளவுதான். போய், துளை போடும் இடத்தில் நின்று, தூளை எடுத்து வைத்து, தண்ணீர் வந்த ஆழத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்."

அவர் அந்தக் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தாளை என்னிடம் திருப்பித் தந்தார். வராந்தாவுக்கு வந்துதான் படித்தேன். 'அப்படியானால் அதை யாராவது செய்ய வேண்டும். அடுத்த வருடம் கேள்.'

வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து சேகர் அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்துப் போனே வந்தது.

"தம்பி, அப்பா பேர எடுக்கச் சொன்னனே."

"எடுத்துட்டனுங்ண்ணா."

"இதென்ன, பிராக்கெட்டுக்குள்ள? எஸ். ரங்கசாமி, போன்ல பேசுனதுன்னு இருக்குதே."

"அது உங்க பேருங்ண்ணா. இங்க கடைசிப் பேரத்தான் போடோணும். உங்க பாஸ்போர்ட்ல அதுதானுங்களே."

அந்தப் பக்கம் ஏதோ அலுவலகச் சத்தம். யாரோ பேசிக்கொண்டே அவரைக் கடந்து போனார்கள்.

"ஆமா" என்றார் மெதுவாக. "கழுத்துல தொங்கற பேட்ஜுலயும் அதேதான் இருக்குது."